தீவகத்தின் உணவு வழி: ஒரு வரலாற்று நோக்கு

இடைவேளை மணி அடித்ததும் நாம் ஓடிய திசை நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பாடசாலைக் கேற்றுக்கு வெளியே, பூவரச மர நிழலில், கடகமொன்றை முன்னே வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி இருப்பார். கேற்றடி ஆச்சி என்றே அவரை அழைத்தோம். தையில் அவித்த பனங்கிழங்கு, பங்குனி சித்திரையில் புழுக்கொடியல், அதன் பின் மாங்காய்க் கீலமும் உப்புத்தூளும், ஆடி ஆவணியில் நாவற்பழமும் பனங்காய்ப் பணியாரமும் என்று அவருடைய கடகத்தைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம்.

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதும்படி சங்கத்தினர் கேட்டபோது, மன்னரிலும் கோட்டையிலும் தொடங்காமல் அந்தக் கடகத்திலிருந்து தொடங்க எண்ணினோம். மருத்துவத் தொழிலில் இருக்கும் நாம் வரலாற்றாசிரியர் அல்லோம். ஆயினும் ஒருவரின் நோயை அறிய, அவர் என்ன உண்டார், யாருடன் உண்டார் என்று கேட்கப் பழகியவர்கள். ஊரையும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

கடகத்துக்குள் ஓராண்டு

தீவகத்தில் ஆறு இல்லை. மண்ணுக்கு ஆழம் இல்லை; சற்றுத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். பல கிணறுகளில் நீர் உவர். மாரி மழையை நம்பிக் கொஞ்சம் நெல்லும், மேட்டு நிலத்தில் வரகு, சாமை, குரக்கனும் விளைந்தன. மற்ற மாதங்களுக்குப் பனையும் கடலும் துணை.

ஆடி ஆவணியில் பனம்பழம் விழும். களியைப் பிழிந்து பாயில் பரவி வெயிலில் காயவைத்தால் பனாட்டு. அதைப் பாணியில் ஊறவைத்தால் பாணிப்பனாட்டு. களி எடுத்த விதையைப் பாத்தியில் அடுக்கி மூடிவிட்டால் மார்கழி தையில் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. அது ஓலைக் குட்டானில் அடுத்த பருவம் வரை கெடாமல் இருக்கும். வீணாகப் போவதற்கு எதுவுமில்லை. உணவு இல்லாத மாதத்துக்காக உணவுள்ள மாதத்தில் உழைத்தவர்களின் ஏற்பாடு இது. அந்த உழைப்பில் மரம் ஏறுவதைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் பெண்களின் கையில் நடந்தது.

இந்த ஏற்பாட்டின் உச்சம் ஒடியற்கூழ். கொதிக்கும் பானையில் ஒரு பிடி அரிசி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பிறகு மீன்தலை, நண்டு, றால், பிறகு கரைத்த ஒடியல் மா, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி, இறக்கும்போது முருங்கையிலை. நண்டு கிடைக்காத நாளில் சூடைமீனோ கருவாட்டுத் துண்டோ போதும். பானை எதையும் மறுப்பதில்லை.

ஒடியல் மாவைக் கரைத்து வைத்து, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டு வடிக்கும் வழக்கத்தை நம் அம்மாக்கள் ஒருநாளும் விட்டதில்லை. கசப்புப் போகத்தான் என்பார்கள். பச்சை ஒடியல் மாவில் ஈரலுக்கும் நரம்புக்கும் தீங்கு செய்யக்கூடிய பொருட்கள் இருப்பதை எலிகளில் செய்த ஆய்வுகள் பின்னாளில் காட்டின. மருத்துவக் கல்லூரியில் அதைப் படித்தபோது, குசினியில் நின்று பொறுமையிழந்து "இன்னும் எத்தனை தரம் அம்மா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது.

துறைக்கு வந்தவர்கள்

நம் தீவுகள் ஒதுக்குப்புறம் என்று இன்று நினைக்கிறோம். கப்பல்கள் ஓடிய காலத்தில் அவை வாசற்படி. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிய கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற சரக்குக் கப்பலாயின் சரிபாதி. அந்த ஊராத்துறையே நமது ஊர்காவற்றுறை. உடைந்த கப்பலுக்கே விதி எழுதிய துறையில், கரையேறியவனுக்குச் சோறு வடித்த அடுப்பும் இருந்திருக்க வேண்டும். கல்வெட்டுகள் அடுப்பைப் பற்றி எழுதுவதில்லை.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் துறைமேடையைத் தம் மொழியில் 'காயிஸ்' என்றனர். அதுவே ஆங்கிலத்தில் கயிற்ஸ் ஆயிற்று. நெடுந்தீவில் மாடுகளைக் கண்டு அதைப் பசுக்களின் தீவு என்றனர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தனர். நெடுந்தீவு டெல்ஃப்ற், வேலணை லைடன், நயினாதீவு ஹார்லெம் ஆயின. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டைக்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். பன்றித்தொடையின் குதிப்பகுதி என்பது அதன் பொருள். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடை போலத் தெரிந்ததாம். பசித்தவன் வரைந்த வரைபடம் போலும்!

பெயர்களில் பல பலகைகளோடு போயின. குசினிக்குள் வந்தவை தங்கின. குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயருடையது; பாணும் அப்படியே. அமெரிக்கக் கண்டத்து மிளகாய் அவர்களின் கப்பல் வழியே கிழக்குக்கு வந்தது. மரவள்ளி ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்தது. நம் கூழ்ப்பானைக்குள் பனையும் மீனும் நம்முடையவை. 'தொன்றுதொட்டு வந்த உணவு' என்று நாம் பெருமைப்படும் பானையில் வந்தேறியவையும் உண்டு. அதனால் அதன் சுவை குறைந்துவிடவில்லை.

வற்றாத பாத்திரம்

உணவைப் பற்றிப் பேசும் எவரும் நயினாதீவை விட்டுவிட முடியாது. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்பது ஒரு சாரார் கொள்கை. அங்கே கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி வெளிப்பட்டு மணிமேகலையின் கையில் வந்ததை நாம் எட்டாம் வகுப்பிலேயே படித்தோம். பாத்திரம் பொய்கைக்குள் போன கதையைப் பலர் மறந்திருப்போம்.

அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரத்தை வைத்திருந்தவன் ஆபுத்திரன். பஞ்சத்தில் வாடிய சாவக நாட்டுக்கு, அதாவது இன்றைய யாவாப் பக்கத்துக்கு, சோறு கொடுக்கப் புறப்பட்டான். காற்றுக்கு ஒதுங்கிய கப்பல் மணிபல்லவத்தில் நின்றது. அவன் கரையில் இறங்கியிருந்ததை அறியாமல் கப்பல் போய்விட்டது. தீவில் வேறு மனிதர் இல்லை. கையில் வற்றாத பாத்திரம், உண்ண எவருமில்லை. தான் மட்டும் உண்ண மனமின்றி, பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

இன்று நாகபூஷணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர். ஆனித் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவானிலிருந்து படகு படகாக வரும் அடியார்கள் அங்கே பந்தியில் அமர்வார்கள். பக்கத்து நாகதீப விகாரைக்குத் தெற்கிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகர் கரையோரக் கடைகளில் 'கொட்டக்கெலங்கு' என்று கேட்டுப் புழுக்கொடியல் வாங்குவார்கள். ஒரு பண்டத்துக்கு இரு பெயர், சுவை ஒன்றே.

கடை வைத்தவர்களும் கடைக்கு வெளியே நின்றவர்களும்

வறண்ட மண் தீவகத்து ஆண்களை வெளியூருக்கு அனுப்பியது. 20ஆம் நூற்றாண்டில் புங்குடுதீவு, காரைநகர், வேலணை, நயினாதீவு முதலிய ஊரவர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் பலசரக்குக் கடைகளையும் சைவ உணவுக் கடைகளையும் நடத்தினர். தோசையும் வடையும் தென்னிலங்கையின் தெருவோர உணவானதில் நம் பாட்டன்மாரின் கை உண்டு. 1958, 1977, 1983 வன்செயல்களில் அக்கடைகளில் எத்தனையோ எரிந்தன. எரிந்த கடைக்காரரின் பிள்ளைகள் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் மீண்டும் கடை திறந்தனர்.

பெருமைக்குரிய பக்கம் இது. மறுபக்கமும் எழுதப்பட வேண்டும். ஊர்த் தேநீர்க் கடைகளில் எல்லோருக்கும் ஒரே குவளை இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் வெளியே நின்று போத்தலில் தேநீர் வாங்கிக் குடித்த காலம் அது. 1920களின் இறுதியில், நம் பாடசாலை தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணப் பாடசாலைகளில் சம ஆசனமும் சம போசனமும் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அதை ஆதரித்தது. பிள்ளைகள் ஒன்றாக இருந்து உண்பதைப் பொறுக்காதோர் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். தேநீர்க் கடைகளின் கதவு திறக்க 1960களின் இறுதிப் போராட்டங்கள் வேண்டியிருந்தன.

கேற்றடி ஆச்சியிடம் வாங்கித் தின்னக்கூடாதென்று நம்முள் சிலரை வீட்டில் தடுத்தார்கள். "வருத்தம் வரும்" என்பதே சொல்லப்பட்ட காரணம். தடுக்கப்பட்டவர்களில் நாமும் ஒருவர். களவாக வாங்கித் தின்றோம். ஒரு வருத்தமும் வரவில்லை. அவித்து வெயிலில் முறுகக் காய்ந்த புழுக்கொடியலில் கிருமிக்கு இடம் குறைவு என்பதைப் பின்பு படித்தோம். வீட்டில் சொன்ன வருத்தம் எதுவென்று விளங்க இன்னும் சில காலம் பிடித்தது.

பஞ்சமும் பானையும்

1942இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்ததும் இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. கூப்பன் அரிசி போதாத வீடுகளை ஒடியலும் குரக்கனும் தாங்கின என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பாடம் எமக்கும் வந்தது. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகில் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 ஓகஸ்டில் தீவகத்தின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. நாமும் கதிரை மேசைகளை விட்டு, சீருடையோடு யாழ்ப்பாணம் போனோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி கிடைப்பது அரிதாகி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். இடம்பெயர்ந்தோர் தங்கிய வளவில் ஒருநாள் யாரோ கூழ் காய்ச்சினார்கள். பிளா கோல ஓலை தேடிப் போனது, முன்பு ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காதவர்கள் ஒரே பானையைச் சுற்றி இருந்தது, இரண்டும் நினைவிருக்கின்றன. பதினொரு வயதில் ஓலைதான் பெரிதாகத் தெரிந்தது.

மீண்டும் துறையில்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பைச் சேர்ந்த எட்டுப் பேர், நான்கு நாடுகளிலிருந்து வந்து, ஒன்றாகத் தீவகம் போனோம். பண்ணைப் பாலம் கடந்து, வேலணையும் புங்குடுதீவும் தாண்டி, குறிகட்டுவான் இறங்குதுறையில் வடையும் தேநீரும். வழி நெடுகக் கூரையில்லாத வீடுகள், வேலியில்லாத வளவுகள், பொறுக்க ஆளின்றி விழுந்து கிடக்கும் பனம்பழங்கள். பழம் குறையவில்லை. ஆபுத்திரன் கதையை எங்களுள் தமிழாசிரியையாக இருப்பவர் படகில் வைத்துச் சொன்னார். அதன்பின் கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை.

நெடுந்தீவில் கல்வேலி ஓரமாக ஒரு வீட்டில் சொல்லிவைத்துக் கூழ் காய்ச்சுவித்தோம். காய்ச்சிய அக்காவுக்கு எழுபது வயதுக்கு மேல். ஒடியல் இடிக்க ஆளில்லை, இப்போது கடை மாதான் என்றார். ஆனாலும் அதை மூன்று தரம் கரைத்து வடித்தார். எங்களில் இருவர் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தோம். எத்தனை நேரம் ஊறவேண்டும் என்று கேட்டதற்கு, "கை சொல்லும் பிள்ளை" என்றார். அந்தக் கை இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை நிறைய உண்டு.

திரும்பும் வழியில் கேற்றடி ஆச்சியைப் பற்றிப் பேசினோம். கடகத்தின் பின்னல், பணியாரத்தின் விலை, கடன் சொன்னால் அவர் சிரிக்கும் விதம், எல்லாம் எட்டுப் பேருக்கும் நினைவிருந்தது. அவருடைய பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏழு ஆண்டுகள் அவர் கையால் வாங்கித் தின்றவர்கள், ஒருநாளும் கேட்டதில்லை.

இம்மலரில் அதிபர்கள், ஆசிரியர்கள், கொடையாளர்கள் பெயர்களெல்லாம் முறையாக இடம்பெற்றிருக்கின்றன. உலகின் எந்த மூலையில் இதைப் படிக்கும் சகோதரிக்காவது அந்த மூதாட்டியின் பெயரோ, அவர் பிள்ளைகள் இருக்கும் இடமோ தெரிந்தால், சங்கத்துக்கு எழுதி அறிவிக்கும்படி அன்புடன் வேண்டுகிறோம். நூற்றாண்டு விழாவன்று பாடசாலை முற்றத்தில் கூழ் காய்ச்சுவதாக இருக்கிறோம். முதற் பிளாவை அவர் வீட்டாருக்குக் கொடுக்க விரும்புகிறோம்.