மல்லேஸ்வரம் வீடும் ஒரு பத்திரமும்

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. பேட்டைப் பகுதியின் நெருக்கமான சந்துகளில் வியாதி வேகமாகப் பரவ, ஜனங்கள் வீடுகளைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே கொட்டகைகளில் தங்கினார்கள். மல்லேஸ்வரம், பசவனகுடி விஸ்தரிப்புகள் வேகம் பிடித்தது அதன் பிறகுதான். நேரான சாலைகள், எண்ணிட்ட கிராஸ்கள், வீட்டைச் சுற்றிக் காற்றோட்டம், பின்புறம் ஒரு சந்து. சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்த நம்மவர் பலரும் அங்கே குடியேறினார்கள். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த என் தாத்தா 1926இல் தம் சம்பளப் பணத்தில் கட்டிய வீடும் அங்கேதான்.

1890களிலேயே ஹெசரகட்டா தண்ணீர் குழாயில் வந்த ஊர் இது. 1905இல் மின்விளக்கும் வந்துவிட்டது. ஆனால் 1950களில் எங்கள் அகத்தில் 16 பேருக்குக் கொல்லையில் ஒரே குழாய்தான். பெண்கள் நாலு மணிக்கே ஸ்நானம் முடித்துவிட வேண்டும். பிறகு தாத்தா, ஆபீஸ் போகிறவர்கள், கடைசியில் நாங்கள். எச்.ஏ.எல்.லில் ஷிப்டு முடிந்து நடுநிசியில் வரும் சித்தப்பாவுக்குச் சாதம் போட அத்தை விழித்திருப்பாள்.

மார்கழியில் அவரைக்காய் மூட்டையாக வந்து இறங்கும். இரவு கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து உரிப்போம். ஊறவைத்த பருப்பை மறுநாள் தோல் பிதுக்கி எடுப்பது அத்தையின் தலைமையில். கன்னடத்துப் பக்கத்து வீட்டு மாமி கற்றுக்கொடுத்தது அது. கும்பகோணத்துச் சமையலில் ஏது பிதுக்கம்பருப்பு!

பின்புறச் சந்தையும் சொல்ல வேண்டும். அது கக்கூஸ் சுத்தம் செய்பவர்கள் வந்து போவதற்காக விடப்பட்ட வழி. தினமும் வந்தவர்களின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கால ஒற்றுமையைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுத்தான் பேசுகிறோம்.

அத்தை பதினாலு வயதில் கணவனை இழந்து பிறந்தகம் திரும்பியவள். மைசூர் சமஸ்தானம் 1933லேயே இந்துப் பெண்களின் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றி, பாகப்பிரிவினையில் தாய்க்கும் மணமாகாத பெண்ணுக்கும் பங்கு தந்தது. பல மாகாணங்களுக்கு முன்னோடி என்று நாம் பெருமைப்படலாம். மணமாகித் திரும்பி வந்த அத்தை அந்தக் கணக்கில் வரவில்லை. 1956ஆம் வருஷத்து வாரிசுச் சட்டம்தான், உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சுயார்ஜித சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. தாத்தா 1957இல் உயில் எழுதாமலே காலமானார்.

அடுத்த வருஷம் அடுப்பு மூன்றானது. அப்பா, பெரியப்பா, சித்தப்பா என்று மூன்று பாகம். அத்தைக்கு முறை வைத்தார்கள், ஒவ்வொரு வீட்டிலும் நாலு மாதம். ஒரு தகரப் பெட்டியோடு வருவாள். அவள் விருப்பம் அதுதான் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

2009இல் வீட்டை இடித்து அடுக்ககம் கட்டக் கொடுத்தபோது பழைய காகிதங்களைத் தேடினோம். அப்போது 1958ஆம் வருஷத்து விடுதலைப் பத்திரம் ஒன்று கிடைத்தது. தன் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்ததாக அத்தை எழுதித் தந்தது. எழுதியவர் குமாஸ்தா, கீழே அத்தையின் கையெழுத்து. அவளுக்கு எழுதத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சாட்சிக் கையெழுத்து என் அப்பாவின் நண்பருடையது.

அத்தை அதற்குள் காலமாகி இருபது வருஷம் ஆகிவிட்டது. அடுக்ககத்தில் எங்களுக்கு வந்த இரண்டு வீடுகளில் ஒன்றை அவளுடைய பங்கு என்று பிரித்துக் கணக்குப் பார்க்கலாமா என்று தங்கை கேட்டாள். யாருக்குக் கொடுப்பது என்று அண்ணா திருப்பிக் கேட்டார். அந்தப் பேச்சு அத்துடன் நின்றிருக்கிறது. பத்திரம் என் அலமாரியில் இருக்கிறது.