ஒரு திர்ஹம் அளவு வெண்மை

இராயபுரத்தில், மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி, ஆங்கிலேயர் காலத்தில் தொழுநோயாளர் மருத்துவமனை ஒன்று இயங்கியது. 1920களில் அங்கிருந்தோர் செங்கல்பட்டை அடுத்த திருமணிக்கு மாற்றப்பட்டனர். மருத்துவமனை அகன்றது, அச்சம் அகலவில்லை. தோலில் வெள்ளை படர்ந்தவரை எல்லாம் 'வெண்குஷ்டம்' என்ற ஒரே சொல், தொழுநோயாளரோடு சேர்த்து நிறுத்தியது.

இரண்டும் வெவ்வேறு. தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று 1873இல் ஹான்சன் கண்டறிந்தார். வெண்புள்ளியோ நிறமி தரும் அணுக்களின் இழப்பு. தொற்றாது, வலிக்காது, உழைப்பைத் தடுக்காது. 'வெண்புள்ளிகள்' என்றே வழங்க வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு ஆணையிட்ட பின்னரும், ஈஸா நபி (அலை) குணமாக்கியோரைப் பற்றிய 3:49 வசனத்தின் தமிழாக்கங்களில் நாம் பழைய சொல்லையே ஓதிக்கொண்டிருக்கிறோம்.

படைக்கு ஆள் எடுக்கும்போது இதன் விலை தெரியும். தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு அறிவிக்கைகளில் இடம்பெற்ற மருத்துவ விதி, ஆடை மறைக்கும் இடத்தில் சிறிதளவு வெண்மை இருந்தால் ஏற்கலாம் என்றது. வெளியே தெரியும் இடத்தில் சிறிதளவே ஆனாலும் ஏற்கலாகாது என்றது. நிறமியற்ற தோலை வெயில் சுடும் என்பது மெய்தான். ஆயினும், கன்னத்தில் ஒரு புள்ளி உள்ள இளைஞனைத் திருப்பி அனுப்புவது வெயிலா, பார்ப்பவர் கண்ணா என்ற ஐயம் எனக்கு உண்டு. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகமே இதற்கு 'லுகோஸ்கின்' என்ற மூலிகை மருந்தை உருவாக்கியது என்பது வியப்பு.

நம் வரலாற்றில் ஒரு படைவரிசை உண்டு. யமனிலிருந்து துணைப்படைகள் மதீனா வந்த போதெல்லாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள், "உங்களில் உவைஸ் இருக்கிறாரா?" என்று விசாரிப்பார்கள். முராது குலத்தின் கரன் கிளையைச் சேர்ந்த அவருக்கு வெண்மை நோய் இருந்து, ஒரு திர்ஹம் அளவு இடம் தவிரக் குணமாகியிருக்கும். அவர் தாய்க்குப் பணிவிடை செய்பவர். இயன்றால் அவரிடம் பாவமன்னிப்புக்குத் துஆ கேளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் முன்னரே சொல்லியிருந்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது.

அல்ஃபத்ஹ் அத்தியாயத்தின் 17ஆம் வசனம் போருக்குச் செல்லாத நோயாளி மீது குற்றமில்லை என்கிறது. அது சலுகை, விலக்கி வைப்பு அன்று. உவைஸ் (ரஹ்) படையோடுதான் வந்தார்கள். அந்தத் திர்ஹம் அளவு வெண்மை அவரைத் திருப்பி அனுப்புவதற்கன்று, கூட்டத்தில் அவரை அடையாளம் காண்பதற்கே உதவியது. அவருக்காகக் கூஃபாவின் ஆளுநருக்குக் கடிதம் தரவா என்று உமர் (ரலி) கேட்டார்கள். எளிய மக்களிடையே இருப்பதே தமக்குப் பிரியம் என்று சொல்லி, துஆ செய்துவிட்டு அவர் புறப்பட்டார்.