ஜிகினாவும் திஸ்ர நடையும்: ‘ஊ லா லா’ பாடலின் முன்வரலாறு

முன்னுரை

கோல்ட்ஃபிராப் என்ற ஆங்கிலேய இசையிணை 2005 ஆகஸ்டில் ‘ஊ லா லா’ என்ற தனிப்பாடலை வெளியிட்டது. பாடகி அலிசன் கோல்ட்ஃபிராப், இசையமைப்பாளர் வில் கிரெகரி ஆகிய இருவரே இக்குழு. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் பாடல் 4-ஆம் இடத்தைப் பிடித்தது. கேட்டவர்களுக்கு உடனே நினைவுக்கு வந்தவர் 1970-களின் கிளாம் ராக் நட்சத்திரம் மார்க் போலன். அதனால் இதைப் பழமை மோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கிளாமின் தாளம் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே மின்னணு இசைக்குள் குடியேறிவிட்டது; ‘ஊ லா லா’ அந்த நெடும் பயணத்தின் ஒரு நிறுத்தமே. இதை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

தோற்றமும் தாளமும்

1971-இல் பி.பி.சி.யின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் போலன் கண்ணுக்குக் கீழே ஜிகினாத் தூள் மின்னத் தோன்றினார். அவருடைய டி. ரெக்ஸ் குழுவின் ‘ஹாட் லவ்’ 6 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. மறு ஆண்டு அதே மேடையில் டேவிட் போவி ‘ஸ்டார்மேன்’ பாடினார். ராக்ஸி மியூசிக் குழுவில் பிரையன் ஈனோ இறகு ஆடையோடு சிந்தசைசரை இயக்கினார். ஒப்பனையும் மின்கருவியும் தொடக்கத்திலேயே ஒரே மேடையில் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

‘ஹாட் லவ்’ பாடலின் தாளத்தை நம் வழக்கில் திஸ்ர நடை என்று சொல்லலாம். நான்கு அடிகள், அடிக்கு மூன்று மாத்திரை. ‘தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டே நடுவிலுள்ள ‘கி’யை ஊமையாக்கினால், குதிரை தத்திச் செல்வதைப் போன்ற ஓட்டம் கிடைக்கும். மேலைநாட்டார் இதை ஷஃபிள் என்பர்.

இயந்திரத்துக்குள் ஷஃபிள்

1979-இல் கேரி நியூமனின் டியூப்வே ஆர்மி, சிந்தசைசர் ஆதிக்கம் செலுத்தும் பாடலோடு முதலிடம் பெற்றது. வெளிறிய முகப்பூச்சும் இறுகிய பார்வையும் அவருடைய அடையாளங்கள். 1980-இல் ஷெஃபீல்டின் ஹியூமன் லீக், 1972-ஆம் ஆண்டின் ‘ராக் அண்ட் ரோல்’ என்ற கிளாம் பாடலைச் சிந்தசைசர்களைக் கொண்டே மறு ஆக்கம் செய்தது. அதே ஆண்டு போவியின் ‘ஆஷஸ் டு ஆஷஸ்’ காணொளி வந்தது. டேவிட் மாலட்டும் போவியும் இயக்கிய அதில், கோமாளி வேடமிட்ட போவி நிறம் திரிந்த வானத்தின் கீழ் கடற்கரையில் நடக்கிறார். தொலைக்காட்சி மேடையில் பிறந்த கிளாம், காணொளி என்ற புதிய வடிவத்துக்குள் இவ்வாறு நுழைந்தது.

தாளத்தைப் பொறுத்தவரை 1989 முக்கியமான ஆண்டு. டிபெச் மோட் குழுவின் ‘பர்சனல் ஜீசஸ்’, கித்தார் அடியையும் இயந்திரத் துடிப்பையும் ஷஃபிளில் பிணைத்தது. வெளியிட்ட நிறுவனம் டேனியல் மில்லர் 1978-இல் தொடங்கிய மியூட். பின்னர் ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள கொம்பாக்ட் நிறுவனம் இந்த நடையிலமைந்த டெக்னோ இசையை ‘ஷாஃபெல்’ என்ற பெயரில் தொகுத்து வெளியிட்டது. ஒரு தாளம் தனி வகைமையாகப் பெயர் பெற்றது அப்போதுதான்.

பாடலும் காணொளியும்

கோல்ட்ஃபிராப்பும் மியூட் நிறுவனத்தின் குழுவே. 2000-இல் வந்த முதல் தொகுப்பு ‘ஃபெல்ட் மவுண்டன்’ திரைப்படப் பின்னணி இசையை ஒத்த மென்மை கொண்டது. 2003-இல் ‘பிளாக் செர்ரி’ தொகுப்பின் ‘ட்ரெயின்’, ‘ஸ்ட்ரிக்ட் மெஷின்’ பாடல்கள் ஷஃபிளுக்குத் திரும்பின. அடுத்த தொகுப்பான ‘சூப்பர்நேச்சர்’ அந்த வழியில் தந்த முதல் தனிப்பாடலே ‘ஊ லா லா’. மின்கித்தார் ஒலிக்கும் முதல் கோல்ட்ஃபிராப் தனிப்பாடலும் இதுதான். அடித்தளத்தில் உறுமுவது சிந்தசைசர்; அதன்மேல் அலிசனின் குரல் மூச்சொலியாகப் படர்கிறது.

காணொளியை இயக்கியவர் டான் ஷாட்ஃபோர்த். கைலி மினோக்கின் ‘காண்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்’ காணொளியும் அவருடையதே. ‘ஊ லா லா’ காணொளியில் கதை இல்லை. குழுவினர் 1970-களின் தோரணையில் வாசிக்கிறார்கள். ஒளி சிதறும் குதிரைமேல் அலிசன் வருகிறார். முந்தைய சுற்றுப்பயணங்களில் குதிரை வால் அணிந்து மேடையேறியவர் அவர். ஆகவே இக்குதிரை திடீரென வந்த அலங்காரம் ஆகாது. தத்தி நடக்கும் தாளத்துக்குக் கண்ணால் காணும் உருவமாக இதைக் கொள்ளலாம். நடை என்ற சொல் தாளத்துக்கும் குதிரைக்கும் பொதுவாக இருப்பதால், தமிழில் இந்த உறவு இன்னும் எளிதாகப் புலப்படுகிறது.

முடிவுரை

கிளாமின் தோற்றம் சில ஆண்டுகளில் பழசாகிப்போனது. அதன் நடையோ ஷெஃபீல்ட், கொலோன் வழியே கருவி மாறி உயிர் தரித்தது. ‘ஊ லா லா’ செய்த புதுமை, பிரிந்துபோன அவ்விரண்டையும் ஒரே பாடலிலும் காணொளியிலும் மீண்டும் இணைத்தது. 49-ஆவது கிராமி விருதுகளில் இப்பாடல் பரிந்துரைக்கப்பட்டது ராக் பிரிவில் அன்று. சிறந்த நடன இசைப்பதிவுப் பிரிவில்.