ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் ஆரம்பகால நகைச்சுவைத் தொடர்கள்

ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று பெரிய வலையமைப்புகளின் கையில் இருந்த அமெரிக்கத் தொலைக்காட்சி உலகில் நான்காவதாக நுழைந்தது ஃபாக்ஸ். 1986 அக்டோபரில் ஜோன் ரிவர்ஸின் பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சியுடன் தொடங்கியது; 1987 ஏப்ரல் 5, ஞாயிறு முதல் மாலை நேரத் தொடர்களை ஒளிபரப்பியது. அந்தக் காலத்துத் தொடர்களில் ‘மேரீட் வித் சில்ட்ரன்’, ‘தி சிம்ப்சன்ஸ்’ இரண்டும் உலகப் புகழ் பெற்றன. மற்ற பல, அன்றைய ரசிகர்கள் வீட்டில் பதிவுசெய்து வைத்த விஎச்எஸ் நாடாக்களில் தங்கிப்போயின.

அவை மறக்கப்பட்டதற்குத் தரக்குறைவு மட்டும் காரணமல்ல. ஃபாக்ஸின் இணைப்பு நிலையங்களில் பல யுஎச்எஃப் அலைவரிசையில் இயங்கியவை. படம் தெளிவாகக் கிடைக்க ஆன்டெனாவோடு மல்லுக்கட்ட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் சனி, ஞாயிறு இரவுகளில் மட்டுமே தொடர்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேல், உள்ளூர் நிலையங்கள் தினசரி மறுஒளிபரப்புக்கு வாங்க ஏறத்தாழ 100 அத்தியாயங்களை எதிர்பார்த்தன. ஓரிரு பருவங்களில் நின்றுபோன தொடருக்கு அந்த இரண்டாம் வாழ்வு வாய்க்கவில்லை.

‘மிஸ்டர் பிரசிடென்ட்’ தொடரில் அமெரிக்க அதிபராக நடித்தவர் ஜார்ஜ் சி. ஸ்காட். ‘பேட்டன்’ படத்துக்குக் கிடைத்த ஆஸ்கரை வேண்டாமென்ற அந்த நடிகரை அரைமணி நேரச் சிரிப்புக்குள் அடைத்தது பொருந்தாத வேலை. தயாரித்தது ஜானி கார்சனின் நிறுவனம். ஜோன் ரிவர்ஸ் ஃபாக்ஸுக்குப் போனதற்காக அவருடன் பேச்சையே நிறுத்திக்கொண்டவர் இதே கார்சன்தான்! ‘டூயட்’ தொடரின் கிளையான ‘ஓப்பன் ஹவுஸ்’ (1989–90), எலன் டிஜெனரஸ் தொடர்ந்து நடித்த முதல் தொடர் என்பதற்காகவே இன்று பேசப்படுகிறது.

‘செகண்ட் சான்ஸ்’ (1987) இவற்றில் விசித்திரமானது. 2011-ல் விபத்தில் இறக்கும் ஒருவனுக்குச் சொர்க்கத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை. தன் இளவயது உருவத்துக்கு நல்வழி காட்டும்படி 1987-க்கு அனுப்பப்படுகிறான். அந்த இளைஞனாக நடித்தவர், பின்னாளில் ‘ஃபிரெண்ட்ஸ்’ மூலம் புகழடைந்த மேத்யூ பெர்ரி. சில மாதங்களிலேயே மேலுலகக் கதையை வெட்டிவிட்டு, ‘பாய்ஸ் வில் பி பாய்ஸ்’ என்ற பெயரில் சாதாரண இளைஞர் தொடராக்கினார்கள். தொடரின் உயிரே அதோடு போயிற்று. முதல் அத்தியாயத்தில், 2011-ல் இறந்ததாகச் சொல்லப்படும் லிபியாவின் கடாஃபி தீர்ப்புக்கு நிற்கும் காட்சி உண்டு. கடாஃபி உண்மையிலும் 2011 அக்டோபரில் கொல்லப்பட்டபோது, மறந்துபோன இந்தத் தொடர் மீண்டும் பேச்சுக்கு வந்தது.

உண்மையிலேயே மீட்டெடுக்கத் தகுந்தது ‘கெட் எ லைஃப்’ (1990–92). முப்பது வயதிலும் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு செய்தித்தாள் போடும் ஆளாக கிறிஸ் எலியட் நடித்தார். தந்தையாக வந்தவர் அவருடைய சொந்தத் தந்தை பாப் எலியட். நாயகன் பல அத்தியாயங்களில் செத்துப்போவான், அடுத்த வாரம் சாவகாசமாக வந்து நிற்பான். எழுத்தாளர்களில் சார்லி காஃப்மன், பாப் ஓடன்கர்க் இருவரும் இருந்தனர். இதன் 35 அத்தியாயங்களும் முழுத் தொகுப்பாக டிவிடியில் வெளிவந்தது 2012-ல்தான்.