கப்பலில் பிறந்த தரவுத்தளம்



புள்ளிப் பட்டியலைப் பதிந்து வைக்க ‘டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்’ என்ற இலவச மென்பொருள் இருக்கு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறந்ததும் சர்வர் முகவரி கேட்காது. பயனர் பெயரும் கேட்காது. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? விடை வரலாற்றில் இருக்கிறது.

2000-ஆம் ஆண்டு. அமெரிக்கக் கடற்படையின் ஒரு போர்க்கப்பலுக்கான மென்பொருள் பணியில் ரிச்சர்ட் ஹிப் ஈடுபட்டிருந்தார். கப்பல் சேதமடைந்தால் உடனே நடவடிக்கை எடுக்க உதவும் மென்பொருள் அது. ஆனால் தரவு முழுதும் தனி சர்வரில். சர்வர் நின்றால் மென்பொருளும் நின்றது. ஆபத்து நேரத்தில் அது கைவிட்டால் என்ன பயன்? ஆகவே சர்வரே வேண்டாம், தரவு ஒரே கோப்பில் இருக்கட்டும் என்று முடிவெடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் எஸ்கியூலைட் வெளிவந்தது.

அந்தக் கோப்பைக் கட்டளை எழுதாமல் கண்ணால் பார்க்க வழி வேண்டுமே! 2003-இல் மவுரீசியோ பியாசென்டினி ஒரு வரைகலைக் கருவியை உருவாக்கினார். ‘எஸ்கியூலைட் டேட்டாபேஸ் பிரவுசர்’ என்ற அதன் பெயரைப் பார்த்து, இரண்டையும் ஒன்றென நினைத்துப் பலர் குழம்பினார்கள். ஹிப் கேட்டுக்கொண்டதால் 2014-இல் அந்தப் பெயர் மாற்றப்பட்டது. மாணவர்களே, இதை மறக்காதீங்க: எஸ்கியூலைட் தரவுத்தள இயந்திரம், டிபி பிரவுசர் அதைப் பார்க்கும் சாளரம்.

இந்த வரலாறு நமக்கு எதற்கு? சர்வர் இல்லை என்றால் வாயிற்காவலரும் இல்லை. கோப்பு யார் கையில் கிடைக்கிறதோ, அவர் மாணவர்களின் புள்ளிகளைப் படிக்கலாம், மாற்றலாம். அதனால் பெயர், அடையாள அட்டை எண் உள்ள கோப்பைப் பென்டிரைவில் போட்டு அங்கங்கே விட்டுடாதீங்க. ஒரே கோப்பு என்பதால் நகலெடுப்பது எளிது. மென்பொருளை மூடிய பிறகு எடுங்க.

இன்னொன்று. நீங்க செய்த மாற்றம் ‘ரைட் சேஞ்சஸ்’ பொத்தானை அழுத்தினால்தான் கோப்பில் பதியும். அதற்கு முன் மின்சாரம் போனால் உழைப்பும் போச்சு. தவறாக எதையாவது அழித்துவிட்டால், பதியும் முன்பே ‘ரிவர்ட் சேஞ்சஸ்’ அழுத்துங்க. பழைய நிலை திரும்பும்.

ஒரே நேரத்தில் ஒருவர்தான் இந்தக் கோப்பில் எழுத முடியும். பள்ளி முழுதும் சேர்ந்து பதிய வேண்டுமானால் சர்வர் வகைத் தரவுத்தளமே பொருத்தம். “எதை எப்போது பயன்படுத்துவாய்?” என்று தேர்வில் கேட்டால், கப்பலின் தேவையையும் பள்ளியின் தேவையையும் ஒப்பிட்டுக் காரணத்தோடு எழுதுங்க.