நாற்சார் வீடும் அதன் உரிமையும்



யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றின் வரலாற்றை அறிய விரும்புபவர் இரண்டு ஏடுகளைப் படித்தல் வேண்டும். ஒன்று, கல்லும் மரமுமாய் நிற்கும் வீடு. மற்றையது, பெட்டகத்துள் உறங்கும் காணி உறுதி. கட்டியவர் எவ்வாறு வாழ எண்ணினார் என்பதை முன்னது கூறும். அவருக்குப் பின் வீடு யார் கைக்குச் சென்றது என்பதைப் பின்னது கூறும். நாற்சார் வீட்டை இவ்விரு வழிகளாலும் இன்று நோக்குவோம்.

நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ நாற்புறமும் தாழ்வாரம். அதன் பின்னே அறைகள். இதுவே நாற்சார். வெயிலும் மழையும் காற்றும் வீட்டின் நடுவே இறங்கும். வெளியார் பார்வை மட்டும் இறங்குவதில்லை. வீதியோரத்திலோ கூரை வேய்ந்த சங்கடப்படலை, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குதற்கென்றே நின்றது. ஒதுக்கமும் உபசாரமும் ஒரே வளவில் அமைந்தன.

கட்டடப் பொருள்களை அம்மண்ணே தந்தது. சுவருக்குக் குடாநாட்டின் சுண்ணக்கல். சாந்துக்கு அக்கல்லைச் சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பு. கூரைக்கு முற்றிய பனையின் வைரம். அதன்மேல் முதலில் ஓலையும், வசதி பெருகிய காலத்தில் ஓடும் ஏறின.

ஆட்சி மாற்றங்களை வீட்டுச் சொற்களே சொல்லும். போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் வந்தனர். விறாந்தை, யன்னல், குசினி, அலுமாரி, சாவி என்பன யாவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். காணிப் பதிவேட்டைக் குறிக்கும் தோம்பு என்பதும் அவர்தம் சொல்லே. ஆயினும் முற்றமும் திண்ணையும் படலையும் தமிழாகவே நின்றன.

இனி உரிமையைக் காண்போம். ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் நாட்டு வழமைகளைத் தொகுத்து 1707 இல் அளித்தார். பன்னிரு தமிழ் முதலிமார் அதனை ஆராய்ந்து ஒப்பினர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர்.

அத்தொகுப்பு சொத்தினை மூவகையாகப் பிரிக்கின்றது: முன்னோர்வழி வந்த முதுசொம், பெண் கொண்டுவந்த சீதனம், இருவரும் கூடி ஈட்டிய தேடியதேட்டம். பண்டைநாளில் முதுசொம் ஆண்மக்களுக்கும், சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. காலப்போக்கில் பெற்றோர் எவ்வகைச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கத் தலைப்பட்டனர். சீதனம் பெற்ற மகள் அதனோடு அமைதல் வேண்டும்.

இதனால் விளைந்தது யாது? வீடு பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. மகன் தான் பிறந்த வீட்டை விட்டு மனைவியின் வீடு புகுந்தான். ஒரே வளவில் அக்காளுக்கும் தங்கைக்கும் அடுத்தடுத்து வீடுகள் எழுந்தன. பிரித்தெழுத இயலாத வீடோ பலர் பங்காயிற்று. சிலவிடங்களில் முற்றத்தின் குறுக்கே மதிலும் எழுந்தது. அயலார் கைக்குப் பங்கு போகாதிருத்தற்பொருட்டு, கூட்டுரிமையாளர்க்கும் உரித்தாளர்க்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947 இன் முன்கொள்வனவுச் சட்டம் அதனை வரையறுத்தது.

ஆயினும் பெண்ணின் உரிமை முழுமையாயிருந்ததன்று. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அவளது சொத்தைத் தனிச்சொத்தென ஏற்றது. எனினும் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தையும் வேண்டிற்று. அவன் மறுத்தால் அவள் மாவட்ட நீதிமன்றம் செல்லல் வேண்டும். வீடு அவளுடையது; விற்கும் கை அவளுடையதன்று.

பிற்காலத்தில் போர் இவ்வீடுகளைச் சோதித்தது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் பெயர்ந்தனர். பல நாற்சார் வீடுகள் இடிந்தன. பலவற்றின் உறுதிகளும் அழிந்தன. பத்தாண்டுகள் இடையறாது ஆண்டவன் உரிமை கோரலாம் என்பது 1871 ஆம் ஆண்டுச் சட்டம். போரினால் வழக்கிட முடியாதிருந்தோர் இதனால் இழப்புறாவண்ணம் 2016 இல் சிறப்பேற்பாட்டுச் சட்டமொன்று இயற்றப்பட்டது. உடைமையாளர் ஊரில் இல்லாமையே அவர் உரிமையைத் தின்றுவிடும் என்ற அச்சமே அச்சட்டத்திற்குக் காரணம்.

நேயர்களே, கல் இடிந்தால் மீளக் கட்டலாம். பங்காளர் பல நாடுகளில் சிதறியபின், எவர் பங்கு எது என்பதை அறிந்த முதியவரும் மறைந்துவிட்டால், அவ்வீட்டை எழுப்பக் கையொப்பமிடுவார் யார்? ஆதலால் உங்கள் வீட்டில் பழைய உறுதி இருப்பின், அதனை எடுத்து வாசியுங்கள், படியெடுத்து வையுங்கள். அதில் தொடர்ந்துவரும் தாய்மார், பாட்டிமார் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஊர்ச் சரித்திர நூல்கள் எழுதாது விட்ட அப்பெண்களின் பெயர்கள் பல, உறுதியின் மடிப்புகளுள்ளேதான் எஞ்சியிருக்கின்றன.