தூரமும் ஏற்றமும்: சப்ரகமுவத் தோட்டங்களின் வரைபட வரலாறு

சப்ரகமுவவின் தேயிலை, இறப்பர் தோட்டங்களுக்கு இரண்டு வகை வரைபடங்கள் தேவைப்பட்டன. காணி யாருடையது, எத்தனை ஏக்கர் என்று சொல்வது ஒரு வகை. அந்த நிலத்தை முன்பின் பார்த்திராதவருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம், எங்கே தண்ணீர், எந்தப் பக்கம் வழி என்று சொல்வது மற்றது. முதல் வகை அரசாங்கச் செலவில் சீக்கிரமே தாளில் ஏறியது. இரண்டாவது வகை நெடுங்காலம் ஆட்களின் நினைவில்தான் இருந்தது. தோட்டத் துரைமார் ஓய்வு நாட்களில் ஆடிய கோல்ஃப் விளையாட்டிலும் இதே நிலைதான். ஆனால் அங்கே இரண்டாவது வகை பிற்காலத்தில் முழுமையாகத் தாளுக்கு வந்துவிட்டது. தோட்டங்களில் அது பாதியில் நின்றது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை சப்ரகமுவ அந்த இராச்சியத்தின் ஒரு திசாவை, அதாவது நிர்வாகப் பிரிவு. வெளியார் கையில் வரைபடம் இல்லாதிருப்பது கண்டி மன்னர்களுக்கு ஒரு பாதுகாப்பாகவே இருந்தது. மலைப்பாதைகள் ஒற்றையடித் தடங்களாக விடப்பட்டன. கடவத்த எனப்பட்ட காவல் வாயில்களில் முட்கதவுகள் நின்றன. கிராம, மாவட்ட எல்லைகளை விவரிக்கும் கடயிம் நூல்கள் சிங்களத்தில் இருந்தன. அவை ஆறு, மலை, மரம் என்று சொல்லால் எல்லை காட்டினவே தவிர, வழி காட்டவில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், தப்பிய பின் 1681இல் வெளியிட்ட நூலில் ஒரு தீவு வரைபடத்தைச் சேர்த்தார். தப்பும்போது அவருக்கு வழிகாட்டியது ஓர் ஆற்றின் போக்கு. வரைபடம் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஆங்கிலேயர் 1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். கண்டி கைக்கு வந்ததும் முதல் வேலை வீதி. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கப்டன் டோசனின் பொறுப்பில் கொழும்பு–கண்டி வீதி கேகாலை, மாவனல்லை வழியாகக் கடுகண்ணாவைக் கணவாய்க்கு ஏற்றப்பட்டது. இரத்தினபுரிப் பக்கத்தில் களு கங்கையே பெருவழி. பாதைப் படகுகள் இரத்தினபுரியிலிருந்து களுத்துறைவரை சரக்கு கொண்டுபோயின. 1889இல் சப்ரகமுவ தனி மாகாணமானபோது கேகாலை ஒரு வீதிக்கும் இரத்தினபுரி ஓர் ஆற்றுக்கும் பழகியிருந்தன.

கோப்பிக் காலத்தில் நிலம் விற்பனைப் பொருளானது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணியாகக் கொண்டது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அந்த வழியை இன்னும் விரித்தது. முடிக்காணியை விற்க வேண்டுமானால் அளக்க வேண்டும். அளவையாளர் 66 அடிச் சங்கிலியோடு காட்டுக்குள் போனார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கருக்கு 4 ரூட். ரூட்டுக்கு 40 பேர்ச். இலங்கையில் வீட்டுக்காணியை இன்றும் பேர்ச்சில் பேசுவது அந்தச் சங்கிலியின் மிச்சம்.

அளவையாளர் வரைந்த காணிப் பிளான்கள் உறுதியோடு சேர்க்கப்பட்ட சட்ட ஆவணங்கள். எல்லைக்கல், ஓடை, பக்கத்துக் காணியின் பெயர், பரப்பளவு ஆகியவை அவற்றில் துல்லியமாக இருக்கும். ஏற்றம் இருக்காது. நில அளவையில் சரிவைத் தட்டையாக்கிக் கிடைமட்ட அளவே குறிக்கப்படும். 30 பாகைச் சரிவில் பிளான் 10 ஏக்கர் என்று காட்டும் மலையின் மேற்பரப்பு ஏறக்குறைய பதினொன்றரை ஏக்கர். பிளானில் பத்து ஏக்கர். கொழுந்துக் கூடையைச் சுமந்து நடப்பவரின் காலுக்குப் பதினொன்றரை. காணி வாங்குபவருக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. அங்கே வேலைக்கு வருபவருக்கு அதுதான் முதல் செய்தி.

கோப்பி இலைநோய் 1869இல் தென்பட்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரையே அழித்தது. அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. 1876இல் கம்பஹா அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் வைக்கப்பட்ட இறப்பர் நாற்றுகளின் வழிவந்த மரங்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கெங்கும் பரவின. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லை, கஹவத்தை, இறக்குவானை, பலாங்கொடை என்று தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், பிரித்தானியத் துரைமார் எல்லாருமே அந்த நிலத்துக்குப் புதியவர்கள்.

புதியவருக்கு உதவும் தாள்கள் அப்போதுதான் உருவாகத் தொடங்கின. நில அளவைத் திணைக்களம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய, ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் இடவிளக்கப் படங்கள் 1920களில் தீவு முழுவதையும் நிறைத்தன. சமவுயரக்கோடுகள், வீதி, பாலம், தோட்டப் பெயர் எல்லாம் அவற்றில் இருந்தன. பேர்கசன் நிறுவனத்தின் ஆண்டுக் கையேடு, தோட்டங்களை மாவட்ட வாரியாக அடுக்கி, உரிமையாளர், துரை, பரப்பு, பயிர் ஆகியவற்றைக் கொடுத்தது. ஒரே தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, ஊர்ச் சிங்களப் பெயர் ஒன்று, தொழிலாளர் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று என்று மூன்று வழங்கியதால், தமிழ்ப் பெயர்களும் அச்சில் பட்டியலிடப்பட்டன. தமிழ்ப் பெயர் தெரியாமல் வழியில் போகும் தொழிலாளியிடம் விசாரித்தால் பதில் கிடைக்காது.

களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை தோட்டங்களுக்கான பயணத்தைச் சுருக்கியது. இரண்டரை அடி அகலம் கொண்ட அந்தக் குறுகிய பாதை 1902இல் அவிசாவளையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. எட்டியாந்தோட்டைக்கு ஒரு கிளை போனது. கொழும்பில் இதே பாதை பொரளை அருகே கோல்ஃப் மைதானத்தின் ஊடாக ஓடுகிறது. 1879இல் தொடங்கிய கொழும்பு கோல்ஃப் கிளப் முதலில் காலிமுகத்திடலில் ஆடியது. 1896இல் இந்த இடத்துக்கு மாறியது. ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயர் மைதானத்துக்கு இடப்பட்டது. 1928இல் கிளப்புக்கு ‘றோயல்’ பட்டம் கிடைத்தது. ரயில் வரும்போது ஆட்டம் நிற்பது அங்கே இன்றும் வழமை.

நாட்டின் முக்கியமான 18 குழி மைதானங்களில் ஒன்றுகூடச் சப்ரகமுவவில் அமையவில்லை. முழு அளவான ஆட்டம் வேண்டுமென்றால் அங்குள்ள துரை கொழும்புக்கோ, 1890ஐ ஒட்டித் தொடங்கிய நுவரெலியா மைதானத்துக்கோ போக வேண்டும். சொந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு வளைவும் அறிந்தவர், அங்கே விருந்தாளி. அவர் கையில் கிடைத்த தாள் ஸ்கோர் அட்டை மட்டுமே. ஒவ்வொரு குழிக்கும் எத்தனை யார், எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்பதை அது சொல்லும். மேட்டுக்குப் பின்னால் ஓடை இருப்பதையோ, தட்டையாகத் தெரியும் புல்தளம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதையோ அது சொல்லாது. இடவிளக்கப் படமும் உதவாது. ஒரு மைல் ஓர் அங்குலமாகும் படத்தில் 400 யார் நீளமுள்ள ஆட்டப்பாதை கால் அங்குலத்துக்கும் குறைவு.

அந்த இடைவெளியை நிரப்பியவர் கெடி, அதாவது கோல்ஃப் பை சுமப்பவர். எந்த மட்டையை எடுப்பது, எந்த மரத்தை நோக்கி அடிப்பது, மழைக்குப் பின் பந்து எங்கே புதையும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தோட்டத்தில் இதே வேலையைத் தப்பால்காரரும் கங்காணியும் செய்தார்கள். புதிதாக வந்த சின்னதுரை, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்திலிருந்து தூரத்து மலைக்குப் போகும் குறுக்குப் பாதையையும், மழைநாளில் தாண்ட முடியாத ஓடையையும் அவர்களிடம்தான் கற்றார். ஆபீஸ் சுவரில் தொங்கிய தோட்டப் படம் டிவிசன், மலை நம்பர், ஏக்கர், ஸ்டோர், தொழிலாளர் குடியிருந்த லயம் ஆகியவற்றைக் காட்டியது. இறப்பர் காட்டுக்கு நட்ட ஆண்டே பெயரானது. தொழிலாளர் அந்த நம்பரோடு கோயில், பாறை, பழைய மரம் என்று தங்கள் அடையாளங்களையும் சேர்த்துப் பேசினார்கள். அந்த அடையாளங்கள் சுவர்ப்படத்துக்கு ஏறவில்லை.

கோல்ஃபில் கெடியின் அறிவு படிப்படியாகத் தாளுக்கு மாறியது. கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சி 1924இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பழைய மைதானத்தை விரிவாக அளந்து வரைந்தார். அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டுத் தொழில்சாராப் போட்டிக்கு முன், ஜாக் நிக்லஸ் பெபிள் பீச் மைதானத்தைக் காலடியால் அளந்து குறித்துக்கொண்டார். அந்தப் பழக்கம் தொழில்முறை ஆட்டக்காரரிடையே பரவி, தூரக் கையேடுகள் அச்சில் விற்பனைக்கு வந்தன. மைதானத்துக்குப் புதியவர் கேட்பவை அவற்றில் வரிசையாக இருக்கும்: மணற்குழியைத் தாண்ட எத்தனை யார், தண்ணீர் எங்கே தொடங்குகிறது, புல்தளத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் எவ்வளவு, ஒரு குழியை முடித்தபின் அடுத்த தொடக்க மேடைக்கு எந்த வழி. பின்னர் லேசர் கருவியும் செய்மதித் தூரமானியும் வந்தன.

தாள் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கியதும் விதி குறுக்கிட்டது. 2019இல் அமலான கோல்ஃப் விதிகள் தூரமானியை அனுமதித்தன. உயர வேறுபாட்டை அளப்பதை அனுமதிக்கவில்லை. புல்தளத்தின் சாய்வைக் காட்டும் படம் 5 யாருக்கு எட்டில் மூன்று அங்குலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இது 480க்கு 1 என்ற அளவை. பழைய ஓரங்குலப் படத்தைவிட 132 மடங்கு பெரிது. தூரத்தைத் தாளில் படிக்கலாம், சாய்வை ஆட்டக்காரரே கணிக்க வேண்டும் என்பதே அந்த விதியின் கருத்து.

தோட்டங்களில் வரைபடங்கள் மீண்டும் உரிமையின் பக்கமே திரும்பின. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணியை 50 ஏக்கருக்கு மட்டுப்படுத்தியது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு முறையும் எல்லைகள் திரும்ப வரையப்பட்டன. இதற்கிடையே எட்டியாந்தோட்டைக் கிளை 1942இலும், அவிசாவளைக்கு அப்பாலான ரயில் 1976இலும் நின்றுபோயின. லயத்துக் கதவுகளுக்கு இலக்கமோ தெருப்பெயரோ நெடுங்காலம் இல்லை. தோட்டப் பெயருக்கு வரும் கடிதம் ஆபீசில் இறங்கி, அங்கிருந்து ஆள் கையால் வீடு சேர்ந்தது.

தோட்ட மலைகளின் சாய்வு விரிவாகத் தாளில் ஏறியது ஆபத்தின் வழியாக. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மண்சரிவு அபாய வரைபடங்களை 50,000க்கு 1, 10,000க்கு 1 ஆகிய அளவைகளில் தயாரித்துவருகிறது. இரத்தினபுரியும் கேகாலையும் அவற்றில் அடங்கும். 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பொன்றும் மண்ணில் புதைந்தது. அபாய வரைபடம் சரிவு, மண், பாறை, நீரோட்டம், நிலப்பயன்பாடு ஆகியவற்றைச் சேர்த்து மலையை வலயங்களாகப் பிரிக்கிறது. காணிப் பிளானில் தட்டையாக்கப்பட்ட ஏற்றம் அதில் முதல் அளவீடாக நிற்கிறது. எந்த லயத்தை இடம் மாற்றுவது, புது வீட்டுத்திட்டத்தை எங்கே அமைப்பது என்ற முடிவுகளுக்கு இப்போது அடிப்படையாக இருப்பது அந்தத் தாள்தான்.